கம்பைலர் தவறே செய்யாதா?

“புரோகிராம் தப்பா ஓடுதுன்னா தப்பு உன் கோடுலதான் இருக்கும். கம்பைலர் மேல பழி போடாதே.” ஓசூரிலிருந்து சூளகிரி, கிருஷ்ணகிரி வழியாகப் போச்சம்பள்ளி வரை நீளும் நம் தொழிற்பட்டையில் ஃபர்ம்வேர் எழுத வரும் இளைஞர்கள் முதல் சில வாரங்களிலேயே கேட்டுவிடும் வாக்கியம் இது. சீனியர்கள் சொல்கிறார்கள். கல்லூரி ஆய்வகத்தில் சொல்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் எலக்ட்ரானிக் சிட்டியில் உட்கார்ந்திருக்கும் டிசைன் டீம்களும் இதையேதான் சொல்கின்றன. அனுபவசாலிகளின் அறிவுரை என்று இதற்கு ஒரு மரியாதையும் சேர்ந்துவிட்டது.

ஆனால் இது உண்மை அல்ல. வண்டி செய்கிற ஊரில் இதை நம்பிக்கொண்டிருப்பது ஆபத்தும்கூட.

போச்சம்பள்ளி என்றால் சுற்றுவட்டாரத்துக்கு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைதான் நினைவுக்கு வரும். 2021இல் ஓலா எலக்ட்ரிக்கின் ஸ்கூட்டர் ஆலை எழுந்த பிறகு ஊரின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. ஓசூரில் டிவிஎஸ்ஸும் அசோக் லேலண்டும் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன; ஏத்தரும் அங்கேதான் வண்டி செய்கிறது. எந்த ஒரு நிறுவனத்தைப் பற்றியும் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. சொல்ல வருவது பொதுவானது. ஒரு மின் ஸ்கூட்டரில் மோட்டார் கன்ட்ரோலர், பேட்டரி மேலாண்மை அமைப்பு, சார்ஜர், டேஷ்போர்டு என்று எத்தனையோ மைக்ரோகன்ட்ரோலர்கள் வேலை செய்கின்றன. ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது எவ்வளவு முறுக்குவிசை தர வேண்டும், எந்த வெப்பத்தில் பேட்டரியைத் துண்டிக்க வேண்டும் என்பதை எல்லாம் முடிவு செய்வது அவற்றுக்குள் ஏற்றப்பட்ட நிரல்.

அந்த நிரலைப் பொறியாளர் பெரும்பாலும் சி மொழியில் எழுதுகிறார். சிப்புக்குச் சி தெரியாது. இடையில் நின்று மாற்றித் தருவது கம்பைலர். அது வரிக்கு வரி மாற்றித் தருவதோடு நிற்பதில்லை. தேவையில்லை என்று தான் முடிவு செய்த வரிகளை நீக்குகிறது, இரண்டு முறை படிக்கச் சொன்னதை ஒரு முறை படித்து வைத்துக்கொள்கிறது, வரிசையை மாற்றுகிறது, சுழலும் கட்டளைகளை விரித்துப் போடுகிறது. இதற்குத்தான் ஆப்டிமைசேஷன் என்று பெயர். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை, நிரலின் வெளிவிளைவு மாறக் கூடாது. அந்த நிபந்தனையைக் கம்பைலரே மீறும்போது எந்த எச்சரிக்கையும் வராது. பில்ட் வெற்றி என்று காட்டும், ஹெக்ஸ் ஃபைல் தயாராகிவிடும், லைனில் ஃபிளாஷ் செய்துவிடுவார்கள். உள்ளே கணக்கு மட்டும் தப்பாக இருக்கும்.

இப்படி நடக்கவே நடக்காது என்பவர்கள் ஒரு காரியம் செய்யலாம். ஜிசிசி கம்பைலரின் பிழைப் பதிவேட்டைத் திறந்து பார்க்கலாம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ரகசியம் ஒன்றும் இல்லை. அங்கே பிழைகளை வகைபிரிக்க வைத்திருக்கும் குறிச்சொற்களில் ஒன்று ‘ராங்-கோட்’. சரியான நிரலைக் கொடுத்தும் கம்பைலர் தவறான கட்டளைகளை உருவாக்கியது என்பது அதன் பொருள். எல்எல்விஎம் என்ற இன்னொரு கம்பைலர் தரப்பிலும் இதற்கென்று ‘மிஸ்கம்பைலேஷன்’ என்ற குறி உண்டு. கம்பைலரை எழுதுகிறவர்களே அது தவறு செய்யும் என்று ஒப்புக்கொண்டு, அந்தத் தவறுக்குத் தனி அடுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பயன்படுத்துகிற நாம்தான் அது தவறே செய்யாது என்று சத்தியம் செய்துகொண்டிருக்கிறோம்.

2011இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷுவேஜுன் யாங், யாங் சென், எரிக் ஐட், ஜான் ரெகர் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிஸ்மித் என்ற அவர்களுடைய கருவி, சி மொழியின் விதிகளை மீறாத நிரல்களைத் தானாகவே எழுதித் தள்ளும். ஒரே நிரலைப் பல கம்பைலர்களிடமும் பல ஆப்டிமைசேஷன் நிலைகளிலும் கொடுத்து விடைகளை ஒப்பிடுவார்கள். விடைகள் வேறுபட்டால் ஏதோ ஒரு கம்பைலர் தவறு செய்திருக்கிறது. மூன்று ஆண்டுகளில் அதுவரை யாருக்கும் தெரியாத 325க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டுபிடித்துத் தெரிவித்தார்கள். அவர்கள் சோதித்த ஒவ்வொரு கம்பைலரும், சரியான நிரலுக்குச் சத்தமில்லாமல் தவறான கட்டளைகளை உருவாக்கிய தருணம் ஒன்றாவது இருந்தது. விதிவிலக்கே இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 2014இல், வூ லே, மெஹர்தாத் அஃப்ஷாரி, ஜெண்டாங் சு மூவரும் வேறொரு முறையில் தேடி, ஜிசிசி, எல்எல்விஎம் இரண்டில் மட்டும் 147 பிழைகளை உறுதிப்படுத்தினார்கள். அவற்றில் பெரும்பான்மை தவறான கட்டளை வகை.

“அதெல்லாம் எந்திரம் எழுதின கிறுக்கு நிரல்கள். மனிதர் எழுதுகிற கோடில் இப்படி வராது” என்று உடனே பதில் வரும். மனிதர் எழுதிய கோடிலும் வந்திருக்கிறது. 2014 ஜூலையில் லினக்ஸ் கர்னல் சிலருடைய கணினிகளில் காரணம் புரியாமல் விழுந்துகொண்டிருந்தது. கர்னலின் உள்ளே, வேலைகளைப் புராசசர்களுக்கிடையே பங்கிட்டுத் தரும் லோட்-பேலன்ஸ் என்ற செயற்கூறில் சிக்கல். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டார்வால்ட்ஸ் அந்தச் செயற்கூறுக்கு ஜிசிசி 4.9.0 உருவாக்கிய அசெம்பிளியைப் படித்தார். ஸ்டாக்கில் இடம் ஒதுக்குவதற்கு முன்பே கம்பைலர் அந்த இடத்தில் ஒரு மதிப்பை எழுதி வைத்திருந்தது. அந்த நொடியில் ஓர் இன்டரப்ட் வந்தால் அந்த மதிப்பு அழிந்துபோகும். நிரலை எழுதியவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை.

இந்த நிகழ்ச்சியில் என்னை இரண்டு விவரங்கள் விடாமல் துரத்துகின்றன. ஒன்று, டீபக் தகவலைச் சேர்த்து கம்பைல் செய்தபோதுதான் இந்தப் பிழை வெளிப்பட்டது. குறையைக் கண்டுபிடிக்க உதவ வேண்டிய வசதியே குறையை வரவழைத்தது. இரண்டு, அந்தப் பிழை 4.9இல் புதிதாக முளைத்ததல்ல. 2010இல் வந்த 4.5 பதிப்பிலிருந்தே உள்ளே உறங்கிக்கொண்டிருந்தது. வேறெங்கோ செய்த சிறு ஆப்டிமைசேஷன் மாற்றத்தால் நான்கு ஆண்டுகள் கழித்து விழித்துக்கொண்டது. “இந்த கம்பைலர் பதிப்பைப் பல வருஷமா யூஸ் பண்றோம், ஒரு பிரச்சினையும் வரல” என்று மீட்டிங்கில் சொல்கிறவர்கள் இந்த இரண்டாவது விவரத்தை நிதானமாக யோசிக்க வேண்டும். பிரச்சினை வரவில்லை என்றால் பிழை இல்லை என்று ஆகாது. உங்கள் நிரல் இன்னும் அந்த மூலையைத் தொடவில்லை என்று மட்டுமே ஆகும். அடுத்த மாதம் யாரோ ஒரு வரி சேர்ப்பார்கள், அது தொட்டுவிடும்.

சி மொழியோடு இது முடிவதுமில்லை. 2011 ஜூலை 28 அன்று ஜாவா 7 வெளியானபோது, அதன் சுழல் ஆப்டிமைசேஷனில் இருந்த பிழைகளால் அப்பாச்சி லூசீன், சோலார் ஆகிய தேடல் மென்பொருள்கள் சில நேரம் விழுந்தன, சில நேரம் தேடல் அட்டவணையையே கெடுத்தன. வெளியான அன்றே பயனர்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று.

நம் பட்டைக்கு மிக நெருக்கமான ஆய்வு இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. மைக்ரோகன்ட்ரோலர் நிரல் எழுதுகிறவர்களுக்கு ‘வோலட்டைல்’ என்ற சொல் தெரியாமல் இருக்காது. ஏடிசி ரிஜிஸ்டர், டைமர், வாட்ச்டாக் போன்றவற்றை அந்தச் சொல்லோடு அறிவிக்கிறோம். “இதை எத்தனை முறை படிக்கச் சொன்னேனோ அத்தனை முறை படி, எந்த வரிசையில் எழுதச் சொன்னேனோ அந்த வரிசையில் எழுது, உன் சாமர்த்தியத்தை இங்கே காட்டாதே” என்று கம்பைலருக்குப் போடும் கட்டளை அது. வன்பொருளுக்கும் நிரலுக்கும் இடையிலான ஒப்பந்தமே அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. 2008இல் ஐடும் ரெகரும் தொழில்தரத்தில் உள்ள 13 சி கம்பைலர்களை எடுத்து, இந்தக் கட்டளையை அவை மதிக்கின்றனவா என்று பார்த்தார்கள். 13உம் ஏதோ ஓர் இடத்தில் தவறின. ரிஜிஸ்டரைப் படிக்க வேண்டிய இடத்தில் படிக்காமல் விடுவதும், எழுத வேண்டியதை எழுதாமல் விடுவதும் அந்தத் தவறுகளில் அடக்கம். மோட்டாரின் மின்னோட்டத்தைப் படிக்கும் வரியில் இப்படி நேர்ந்தால் கன்ட்ரோலர் பழைய மதிப்பை வைத்துக்கொண்டு புதிய முடிவெடுக்கும். அவர்கள் குறை சொன்னதோடு நிற்கவில்லை. வோலட்டைல் மாறிகளை நேரடியாகத் தொடாமல், கம்பைலரால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாத சிறு செயற்கூறுகள் வழியாகத் தொட்டால் அந்தப் பிழைகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்க முடியும் என்றும் காட்டினார்கள். இது எளிய வழி. ஆனால் கம்பைலர் தவறாது என்று நம்புகிறவர் இதைக் கையாள வேண்டிய அவசியத்தையே உணர மாட்டார்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு இப்போது வருகிறேன். கம்பைலர் மேல் சொல்லப்படும் புகார்களில் மிகப் பெரும்பாலானவை கம்பைலர் பிழைகள் அல்ல. நிரலை எழுதியவர் மொழியின் விதியை மீறியிருப்பார். அறிவித்த எல்லைக்கு வெளியே படித்திருப்பார், வோலட்டைல் போட மறந்திருப்பார், குறியுள்ள எண்ணை அதன் எல்லை தாண்டிப் பெருக்கியிருப்பார். ஆப்டிமைசேஷன் அதை வெளிச்சம் போட்டுக் காட்டியிருக்கும். இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். முதலில் உன் நிரலைப் பார் என்பது சரியான அறிவுரை. எங்கே முதலில் தேடுவது என்று அது சொல்கிறது. அங்கே மட்டும்தான் தேட வேண்டும் என்று அதை நீட்டும்போதுதான் பொய்யாகிறது. பெரும்பாலும் என்ற சொல்லை எப்போதும் என்று மாற்றிவிட்டார்கள். என் சண்டை அந்த மாற்றத்தோடுதான்.

அப்படி விதி மீறிய இடத்திலும் பழி முழுவதையும் எழுதியவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விட முடியாது. 2009இல் லினக்ஸ் கர்னலின் டன் என்ற டிரைவரில் ஒரு கோளாறு வெளிவந்தது. எழுதியவர் ஒரு பாயின்டரை முதலில் பயன்படுத்திவிட்டு, அடுத்த வரியில் அது வெறுமையா என்று சோதித்திருந்தார். வரிசை தவறு, சந்தேகமில்லை. ஆனால் கம்பைலர் என்ன செய்தது? “ஏற்கெனவே பயன்படுத்தியாகிவிட்டது, ஆகவே இது வெறுமையாக இருக்க வாய்ப்பே இல்லை, ஆகவே சோதனை தேவையில்லை” என்று தர்க்கம் செய்து, பாதுகாப்புச் சோதனையையே நீக்கிவிட்டது. ஒரு சிறு கவனக்குறைவு, ஊடுருவுகிறவர் கணினியைக் கைப்பற்றும் ஓட்டையாக மாறியது. மொழியின் விதிப்படி கம்பைலர் செய்தது சரி என்று வாதிடலாம். கர்னல் குழு அந்த வாதத்தோடு திருப்தி அடையவில்லை. இத்தகைய சோதனைகளை நீக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் விருப்பத்தைப் பில்டிலேயே நிரந்தரமாகச் சேர்த்துவிட்டது. கருவியின் போக்கைத் தெரிந்துகொண்டு கட்டுப்படுத்துவது இதுதான். தப்பு உன்னுடையது என்று சொல்லி ஃபைலை மூடியிருந்தால் அதே வகை ஓட்டை வேறு டிரைவரில் மறுபடி திறந்திருக்கும்.

வண்டி நிரல்களில் இதே சிக்கல் இன்னும் கூர்மையான வடிவத்தில் வரும். முக்கியமான மதிப்பு ஒன்றை நினைவகம் கெடுத்துவிட்டதா என்று கண்டுபிடிக்க, அந்த மதிப்பையும் அதன் தலைகீழ்ப் பிரதியையும் சேர்த்து வைத்து இரண்டும் பொருந்துகின்றனவா என்று சரிபார்ப்பது பாதுகாப்பு நிரலில் பழகிய முறை. கம்பைலர் பார்வையில் அந்தச் சோதனை எப்போதுமே உண்மை. இப்போதுதானே இரண்டையும் எழுதினாய் என்று அது நினைக்கும். விட்டால் சோதனையை நீக்கிவிடும். விதிப்படி அதைப் பிழை என்றும் சொல்ல முடியாது. ஆனால் சோர்ஸ் கோடைப் படிக்கும் ஆடிட்டர் சோதனை இருக்கிறது என்று டிக் போடுவார். சிப்புக்குள் அது இருக்காது. சாலையில் போகிறவருக்குக் கம்பைலர் பிழை, எழுதியவர் பிழை, மொழியின் பிழை என்ற பாகுபாட்டால் என்ன பயன்?

“அப்படியானால் ஆப்டிமைசேஷனையே அணைத்துவிடலாமே” என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. 20 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் நிரலுக்கு ஒரு சுற்றுக்கு 50 மைக்ரோவினாடிதான் கிடைக்கும். அதற்குள் மின்னோட்டத்தைப் படித்து, கணக்குப் போட்டு, அடுத்த பல்ஸ் அகலத்தை எழுதியாக வேண்டும். ஆப்டிமைசேஷன் இல்லாமல் பல சிப்புகளில் அந்த நேரத்துக்குள் முடியாது. ஃபிளாஷ் நினைவகத்திலும் இடம் போதாது. அதற்காக விலை கூடிய சிப்பை வாங்க யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். அணைத்துவிட்டால் பத்திரம் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஆப்டிமைசேஷனை அணைத்த ஓ0 நிலையிலும் பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. மோசமான விளைவு வேறு ஒன்று உண்டு. பெஞ்சில் ஓ0வில் டீபக் பில்டை வைத்துச் சோதிக்கிறார்கள், ரிலீஸ் சமயத்தில் ஆப்டிமைசேஷன் கூடிய ஓ2வில் பில்ட் செய்து அனுப்புகிறார்கள். சோதித்தது ஒன்று, வண்டியில் போவது இன்னொன்று.

இந்த விஷயத்தில் நம் ஆலைகளின் தளத்தையே சாட்சிக்கு அழைக்கிறேன். எந்த லைனுக்குப் போனாலும் வெர்னியர், டார்க் ரென்ச், மல்டிமீட்டர் ஒவ்வொன்றிலும் கேலிப்ரேஷன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அடுத்து எப்போது சரிபார்க்க வேண்டும் என்று தேதி இருக்கும். தேதி கடந்துவிட்டால் ஆடிட்டர் விட மாட்டார். போச்சம்பள்ளிச் சந்தையில் ஆடு விற்கிறவர் தராசைக்கூட முத்திரை ஆய்வாளர் பரிசோதிக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. ஒரு போல்ட்டை முறுக்கும் கருவி தவறலாம் என்று ஏற்றுக்கொண்டு அதற்கு ஒரு முறையை உருவாக்கிய அதே தொழிற்சாலை, வண்டியின் மூளையை எழுதும் கருவி தவறவே தவறாது என்று நம்புகிறது. இதற்கு என்ன நியாயம்?

சர்வதேசத் தரநிலை இதை ஏற்கெனவே சொல்லிவிட்டது. சாலை வாகனங்களின் செயல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262 முதலில் 2011இல் வந்தது, 2018இல் திருத்தப்பட்டது. அதன் 8ஆம் பகுதி மென்பொருள் கருவிகளின் நம்பகத்தன்மையைப் பற்றித் தனியாகப் பேசுகிறது. இந்தக் கருவி தவறினால் பாதுகாப்பு கெடுமா, தவறினால் அதைக் கண்டுபிடிக்க உங்களிடம் வழி இருக்கிறதா என்று இரண்டு கேள்விகளைக் கேட்டுக் கருவியைத் தரம்பிரிக்கச் சொல்கிறது. கம்பைலர் தவறும் என்ற அனுமானத்தின் மேல்தான் அந்தப் பகுதி முழுவதும் நிற்கிறது. சான்றிதழை லாபியில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும் இடங்களிலும் அந்த இரண்டு கேள்விகளுக்குரிய பதில் ஃபர்ம்வேர் டீமிடம் இருக்க வேண்டாமா?

தவறாத கம்பைலர் என்று ஒன்றை நெருங்கவே முடியாதா என்றால், முடியும். பிரான்ஸின் இன்ரியாவில் சேவியர் லெராய் தலைமையில் உருவான காம்ப்செர்ட், தன் மொழிபெயர்ப்பு சரி என்று கணித முறையில் நிரூபித்துக் காட்டிய கம்பைலர். அதன் முந்தைய பதிப்புகளில் பிழை கண்ட சிஸ்மித் குழு, ஆறு ஆண்டு அளவிலான புராசசர் நேரத்தைச் செலவிட்டும் வளர்ந்துவந்த பதிப்பில் தவறான கட்டளை எதையும் காண முடியவில்லை. மற்ற எல்லாக் கம்பைலர்களின் நடுப்பகுதியிலும் கண்ட வகைப் பிழைகள் நிரூபிக்கப்பட்ட இந்தப் பகுதியில் இல்லை. கம்பைலர் சரியாக இருப்பது இயற்கை நியதி அல்ல, அதற்காகப் பாடுபட வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. இந்தத் துறையில் நம்மவர்களும் இருக்கிறார்கள். எல்எல்விஎம்மின் சிறு ஆப்டிமைசேஷன்களில் 300க்கு மேற்பட்டவற்றைக் கணித வடிவில் எழுதிப் பார்த்து, எட்டு தவறானவை என்று 2015இல் காட்டிய ஆலைவ் குழுவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் சந்தோஷ் நாகரகட்டே ஒருவர். கம்பைலர் உருவாக்கிய கட்டளை மூல நிரலுக்குச் சமமானதுதானா என்று தானாகச் சரிபார்க்கும் வேலையை டெல்லி ஐஐடியில் சோரவ் பன்சாலின் குழு செய்துவருகிறது. மும்பை ஐஐடியில் உதய் கேட்கர் ஜிசிசியின் உள்ளமைப்பையே பாடமாக நடத்தியிருக்கிறார்.

இங்கே ஃபர்ம்வேர் எழுதும் பிள்ளைகளுக்கு நடப்பது வேறு. ஓ2வில் மட்டும் கணக்குத் தப்பாக வருகிறது என்று ஒருவர் சொல்கிறார். உன் கோடைப் பார் என்று திருப்பி அனுப்புகிறார்கள். அவர் இரவு ஷிஃப்ட் முழுக்கப் பார்க்கிறார். ஒரு பிரிண்ட்எஃப் போட்டால் சரியாகிவிடுகிறது. அந்த வரியைச் சேர்த்ததும் கம்பைலரின் முடிவுகள் இடம் மாறுவதால் பிழை மறைந்துகொள்கிறது. அதையே தீர்வு என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். பிழை வண்டியோடு போகிறது. அதற்கும் மேலாக ஓர் இளம் பொறியாளர் தான் கண்ணால் கண்டதை நம்பக் கூடாது என்று கற்றுக்கொள்கிறார். அரசூரிலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ, குடும்பத்தில் முதல் ஆளாகப் பொறியியல் படித்துவிட்டு வந்த ஒருவருக்கு, நீ தப்பு, கருவி சரி என்று சொல்லிக்கொடுப்பது எளிது. அவரும் மறுபேச்சுப் பேசாமல் நம்பிவிடுவார். அதனாலேயே அதைச் சொல்லும் முன் நாம் உறுதியாகத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

டீம் லீடுகளுக்கும் தரப்பிரிவினருக்கும் நான் கேட்பது சில காரியங்கள். கம்பைலர் விற்கும் நிறுவனம் வெளியிடும் தெரிந்த பிழைகள் பட்டியலை ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்பும் ஒருவர் படித்துக் கையெழுத்திட வேண்டும். வண்டியில் போகும் அதே பைனரியில்தான் இறுதிச் சோதனை நடக்க வேண்டும். வெப்பத் துண்டிப்பு, ஆக்ஸிலரேட்டர் சரிபார்ப்பு போன்ற உயிர் காக்கும் செயற்கூறுகளின் அசெம்பிளியை மனிதர் ஒருவர் கண்ணால் படித்து, சோதனைகள் உள்ளே இருக்கின்றனவா என்று உறுதிசெய்ய வேண்டும். முக்கியமான கணக்குகளை இரண்டு வெவ்வேறு கம்பைலர்களில் ஓட்டி விடைகளை ஒப்பிட வேண்டும். அடுத்த முறை ஒருவர் உங்கள் மேசைக்கு வந்து “சார், ஓ2வில் மட்டும் தப்பா வருது” என்றால் அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, டிஸ்அசெம்பிளியைத் திறந்து இருவரும் சேர்ந்து படியுங்கள்.